துடுப்புக்குப் பதில் துடுப்பு

செவ்வாய்க் கிரகத்துச் செங்குழியில் காலை ஏழு மணிக்குத் துடுப்புப் போட்டால், பல் தேய்த்து, குளித்து, இட்லி தின்று, காற்றுச் சல்லடையைக் கழற்றித் தட்டி மாட்டிய பிறகுதான் பரிசல் ஒரு முழம் நகரும். அதற்காக யாரும் அலுத்துக்கொள்வதில்லை. செவ்வாயில் பிறந்த பிள்ளைகளுக்கு விளையாட்டு என்றாலே அப்படித்தான். இங்கே ஒருவர், பூமியில் ஒருவர், இருவருக்கும் ஒரே பரிசல். இவர் இடப்பக்கம் துழாவ வேண்டும், அவர் வலப்பக்கம். சேதி போக இருபது நிமிடம், வர இருபது நிமிடம். ஒருவர் மட்டும் துழாவினால் பரிசல் நின்ற இடத்திலேயே சுற்றும்.

இந்த ஆமை விளையாட்டை எந்த நிறுவனம் நடத்தும்? வானிலை நிலையம் கழித்துப்போட்ட ஒரு பழைய கணினியைச் சர்வராக்கி, வேலை நேரம் போக மிச்ச நேரத்தில், தன்னார்வமாக இரண்டே பேர் நடத்தினார்கள். ஒருவன் காற்று ஆலையில் வேலை பார்க்கும் வேல்மயில். இன்னொருத்தி தண்ணீர்ச் சோதனைக்கூடத்து ஹபீபா. அறுநூற்றுச் சொச்சம் பரிசல்கள் அவர்கள் பொறுப்பில் இருந்தன. ஒன்றில் புருஷன் பெண்டாட்டி, ஒன்றில் தாயும் மகனும், இன்னொன்றில் சண்டை போட்டுப் பேச்சை நிறுத்திவிட்டு, துடுப்பை மட்டும் நிறுத்தாத இரண்டு சிநேகிதர்கள்.

வேல்மயில் இதை ஆரம்பித்ததே அக்கா ராஜகனிக்காகத்தான். அவள் திசையன்விளையில் இருந்தாள். தாயில்லாத பிள்ளையைத் தூக்கி வளர்த்தவள். செவ்வாய்க்குப் போகிறேன் என்று அவன் சொன்னபோது மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. நாலாம் நாள், "போறதுன்னா போல. ஆனா தெனமும் இருக்கேன்னு எனக்குத் தெரியணும்" என்றாள். இருவருக்கும் எழுத வராது. பேச ஆரம்பித்தால் அழுகை வந்துவிடும். துடுப்புப் போட வந்தது. பத்து வருஷம், ஒரு நாள் தவறாமல் துழாவினார்கள்.

பதினோராவது வருஷம் காற்று ஆலை பழுதாகி, வேல்மயில் ஒரு வாரம் வீட்டுக்கே வரவில்லை. பரிசலை எட்டிப் பார்க்க நேரமில்லை. வந்து பார்த்தால் சர்வர் மல்லாந்து கிடந்தது.

"தாக்குறானுவ அண்ணாச்சி" என்றாள் ஹபீபா. "செகண்டுக்கு ஆயிரக்கணக்குல வருது. எல்லாம் வருகை வினா."

வருகை வினா என்பது, பரிசலில் கூடத் துழாவுகிறவர் வந்துவிட்டாரா என்று அவர் இருக்கும் கிரகத்தில் போய்க் கேட்டுத் திரும்பும் சின்னக் கேள்வி. வாயால் கேட்க வேண்டியதில்லை. காதுக்குப் பின்னால் பதித்த நினைவிழை, மனசில் நினைத்த மாத்திரத்தில் அனுப்பிவிடும். ஒரு மனுஷன் நாளைக்கு இரண்டு தடவை நினைப்பான், மூன்று தடவை நினைப்பான். இதுவோ மழையாகக் கொட்டியது. கேட்பவர் யாரென்று மறைக்கும் முகமூடி எண் கேள்விக்குக் கேள்வி மாறியதால், ஒரு ஊரே திரண்டு வந்து கதவை இடிப்பதுபோல் இருந்தது.

"நாம யாரு குடியக் கெடுத்தோம்? எவன் பாத்த வேலை இது?" என்று அவளே புலம்பினாள்.

"வேலையத்த பய எவனாவது இருப்பான். சிக்கட்டும், இருக்கு அவனுக்கு" என்று வேல்மயில் சட்டைக் கையை மடித்தான்.

எட்டு மாதம் மடித்த கையை இறக்கவில்லை. வேலை முடிந்து வந்ததும் சர்வரைத் தூக்கி நிறுத்துவான், வடிகட்டி போடுவான். மறுநாள் அது மறுபடி விழும். ராஜகனியிடமிருந்து ஒரே ஒரு சேதி வந்தது: "ஏல, துடுப்பக் காணோம்?"

"சர்வர்ல தாக்குதல்க்கா. சரி பண்ணிட்டு வாறேன்."

"சரில, வேலையப் பாரு. நான் தொந்தரவு பண்ணல."

சொன்னபடியே அதற்குப் பிறகு அவள் ஒரு சேதிகூட அனுப்பவில்லை. வாறேன் என்றவனும் போகவில்லை. அறுநூறு பரிசலைக் காப்பாற்றுகிறவனுக்கு ஒரு பரிசலில் உட்கார ஏது நேரம்!

பூமிக்குச் சேதி போகும் பாதைகளைப் பங்கிட்டுக் கொடுக்கும் அலைப்பாதை அதிகாரி கடைசியில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இந்த மாதத்துக்குள் நிற்காவிட்டால் பரிசலுக்கு ஒதுக்கிய பாதை பறிபோகும். வேறு வழியில்லாமல் வேல்மயில் பூமியின் அலை நிலையத்துக்குப் புகார்ப் படிவம் அனுப்பினான். அதில் ஒரு கேள்வி இருந்தது: தாக்குபவர் யாரென அறிய விரும்புகிறீர்களா? 'வேண்டாம்' என்று குறித்தான். என்ன நடவடிக்கை வேண்டும்? 'நிரந்தரமாக நிறுத்தவும்.'

"யாருன்னு கேக்கலாம்லா அண்ணாச்சி?"

"கேட்டு? மடியில வச்சுக் கொஞ்சவா? நின்னாப் போதும்."

மூன்றாம் நாள் நின்றது. சோதனைக்கூடத்துச் சர்க்கரையில் ஹபீபா கேசரி கிண்டி எடுத்து வந்தாள். இருவரும் சின்னப் பிள்ளைகள் மாதிரி சிரித்தார்கள். அப்புறம் வேல்மயில் கையைக் கழுவிவிட்டு, எட்டு மாதம் கழித்துத் தன் பரிசலில் ஏறித் துடுப்புப் போட்டான். நாற்பது நிமிடம் ஆயிற்று. ஒரு மணி நேரம் ஆயிற்று. பரிசல் வலப்பக்கமாகச் சுற்றி நின்றது.

"அக்கா, வந்துட்டேன்" என்று சேதி விட்டான். மறுநாள் பதில் வந்தது.

"நல்லாருக்கியா தம்பி? சந்தோஷம். நானும் நல்லாருக்கேன். முந்தாநாள் அலை நிலையத்துலருந்து ரெண்டு பேரு வந்தாங்க. ஒரே நெனப்பு சுத்திச் சுத்தி ஓடி இழை சூடாவுதாம். அத அமத்தத் தணிப்பு போட்டு விட்டாங்க. எட்டு மாசமாத் தூக்கமில்ல, இப்பதான் நல்லாத் தூங்குறேன். நீ வரலியேன்னு இப்ப ஒன்னும் தோணல. வேலையப் பாரு."

தம்பியாம்! பிறந்ததிலிருந்து அவனை 'ஏல' என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள்.

வேல்மயில் பழைய பதிவுகளைத் திறந்தான். அவன் துடுப்புப் போடத் தவறிய மூன்றாம் நாள் மழை தொடங்கியிருந்தது. தினமும் அது கனத்த நேரம், திசையன்விளையில் சாயங்காலம் ஆறு மணி. அவர்கள் துழாவுகிற நேரம். நினைவிழையைச் செய்தவர்கள் பூமிக்காகச் செய்தார்கள். அங்கே இமைப்பதற்குள் பதில் வந்துவிடும், வராவிட்டால் மறுபடி கேள் என்று கட்டளை. செவ்வாயிலிருந்து பதில் வர நாற்பது நிமிடம். 'வந்துட்டானா' என்று அவள் ஒரு தரம் நினைத்தால், அந்த நாற்பது நிமிடமும் இழை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டே இருந்தது. சர்வர் விழுந்துவிட்டால் பதிலே போகாது. அப்போது இன்னும் கேட்டது. அவளோ நாளைக்கு இருநூறு தரம் நினைத்திருக்கிறாள்.

அவள் கேட்டதால் சர்வர் விழுந்தது. சர்வர் விழுந்ததால் அவன் போகவில்லை. அவன் போகாததால் அவள் கேட்டாள். பாவி மனுஷி ஒரு வார்த்தை வாய்விட்டுச் சொல்லியிருக்கலாம். இவனும் ஒரு துடுப்பு போட்டிருக்கலாம், எட்டு மாதத்தில் ஒரே ஒரு துடுப்பு. வேல்மயில் சர்வர்ப் பெட்டியின்மேல் தலையை வைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதான்.

தணிப்பைத் திருப்பி எடுக்க முடியுமா என்று அலை நிலையத்தைக் கேட்டான். முடியாது என்று மரியாதையாகப் பதில் எழுதினார்கள். அதன் பிறகு தினமும் அவளுடைய நேரத்துக்குப் பரிசலில் போய் உட்கார்ந்தான். துடுப்புப் போட்டான். சாப்பிடும்போது, சல்லடை தட்டும்போது, குழாயை முடுக்கும்போதெல்லாம் ஒரே நினைப்பு: அக்கா வந்துட்டாளா?

ஒரு மாதம் கழித்துப் பூமியிலிருந்து ஒரு புகார் வந்தது. செங்குழியிலிருந்து எங்கள் நிலையத்தைத் தாக்குகிறார்கள், ஏழு நாளில் நிறுத்தாவிட்டால் உங்கள் விளையாட்டின் பாதை துண்டிக்கப்படும். இந்தப் பக்கத்து முகமூடி எண்களைக் கழற்றிப் பார்க்க ஹபீபாவால் முடிந்தது. பார்த்துவிட்டு வேல்மயிலிடம் வந்தாள்.

"அண்ணாச்சி, இது நீங்கதான்."

"தெரியும் பிள்ள."

"இழையக் கழத்திப் போடுங்க."

"கழத்திட்டா கதவு தொறக்காது, மூச்சுக் கருவி ஓடாது. இங்க எப்படி உசுரோட இருக்க?"

"அப்ப நெனைக்காம இருங்க."

"எட்டு மாசம் நெனைக்காமத்தான இருந்தேன்."

வேல்மயில் புகாரோடு வந்த படிவத்தை இழுத்து, தன் பெயருக்கு எதிரே 'தணிப்பு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். "அறுநூறு பரிசல் இருக்குல்லா" என்றான். அன்று மத்தியானமே மருத்துவப் பிரிவுக்குப் போய், அரை மணி நேரத்தில் திரும்பி வந்து, பசிக்கிறது என்று சொல்லி இரண்டு தட்டு சோறு சாப்பிட்டான்.

அடுத்த வருஷம் முழுக்கச் சர்வர் ஒரு முறைகூட விழவில்லை. அதிகாரி நேரில் வந்து கைகொடுத்தார். வேல்மயிலின் படிவம் மற்றக் குழிகளுக்கும் முன்மாதிரியாகப் போயிற்று. நாளைக்கு ஐந்து தரத்துக்கு மேல் ஒருவரை நினைத்தால் தானாகவே தணிப்பு விழும்படி பூமியிலும் ஏற்பாடு செய்துவிட்டார்கள். எல்லோரும் நன்றாகத் தூங்கினார்கள். அறுநூறு பரிசல் முந்நூறாயிற்று, முந்நூறு நாற்பதாயிற்று. ஏன் குறைகிறது என்று வேல்மயிலுக்குப் புரியவில்லை. சர்வர்தான் இவ்வளவு நன்றாக ஓடுகிறதே!

ஒரு வருஷம் யாரும் தொடாத பரிசலை எடுத்துவிட வேண்டும் என்பது விதி. ஒரு காலையில் இருவரும் உட்கார்ந்து பட்டியலைப் பார்த்துவந்தபோது, 'ராஜகனி, வேல்மயில்' என்று ஒரு வரி வந்தது.

"இது என்னோடதுதான்" என்று சாதாரணமாகச் சொல்லி, அழிக்கும் பொத்தானில் விரலை வைத்தான்.

ஹபீபா அவன் கையைப் பிடித்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. "அக்காட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு எடுங்க அண்ணாச்சி."

வேல்மயில் அவளை ஆச்சரியமாகப் பார்த்தான்.

"அவங்களுக்கும் ஆயிரம் வேலை இருக்கும். எதுக்குத் தொந்தரவு பண்ணிக்கிட்டு?" என்றான். பொத்தானை அழுத்திவிட்டு, அடுத்த பெயரைப் படித்தான்.