ஏற்கெனவே ஒருவர் இணைந்திருக்கிறார்

இணைப்புப் பட்டியல் காலியாக இருந்திருக்க வேண்டும். ஒரு பெயர் இருந்தது.

நெலிதா திரையை மறுபடி பார்த்தாள். பகல் இரண்டு மணி. அந்தப் பக்கத்து வடகாற்று அனலாய் வீசிக்கொண்டிருக்க, ஆற்றங்கரைப் பிலார் ஊரே சன்னல்களைச் சாத்திவிட்டு உறங்கிக்கொண்டிருந்தது. வானொலி நிலையத்தின் மாடியில் விழித்திருந்தது அவளும் புதுச் சர்வரும்தான். அதன் காற்றாடி இரைந்தது. சூடேறிய பிளாஸ்டிக் வாடைக்கு அடியில் மெல்லிதாய் இன்னொரு வாடை வந்தது. ஆற்றுச் சேறு.

நிலையத்தின் முப்பது வருட ஒலிப்பதிவுகள் இரண்டு தெரு தள்ளி, கூட்டுறவுச் சங்க மாடியில், ஒரு ஸ்டோரேஜ் பெட்டிக்குள் இருந்தன. கேபிள் வழியே அதிலுள்ள டிஸ்க்கைச் சர்வர் தன்னுடையதாகவே எடுத்துக்கொள்ளும். ஆனால் ஒரு நேரத்தில் ஒரு சர்வர்தான் பிடிக்கலாம். இரண்டு பிடித்தால் ஒன்று எழுதுவது மற்றதற்குத் தெரியாது. ஒன்றின்மேல் ஒன்று எழுதி எல்லாவற்றையும் சிதைத்துவிடும்.

நிலையத் தலைவரைப் போனில் கூப்பிட்டாள்.

"தோன் வில்ஃப்ரிதோ, டிஸ்க்க வேற ஒண்ணு பிடிச்சிருக்கு. மைனும்பி."

மைனும்பி பழைய சர்வர். ஓயாமல் ரீங்கரிக்கிறது என்று அவள் கணவன் எவேலியோ அதற்குத் ரீங்காரச்சிட்டின் பெயரை வைத்திருந்தான். வெள்ளம் நிலையத்தின் கீழறைச் சுவரோடு அதை அடித்துக்கொண்டு போனது. எவேலியோவையும்தான். அவன் உடல் மூன்றாம் நாள் கிடைத்தது.

"அது ஆத்தோட போயாச்சும்மா. பழைய பேரு ஒட்டிக்கிட்டு கிடக்கும். வெட்டி விடு. சேதி வாசிக்க ஆளில்லாம ஊரே ஊமையாக் கிடக்கு."

"இல்ல தோன். எழுதிக்கிட்டு இருக்கு."

"வெயிலு உன் தலைக்கு ஏறிடுச்சு. ஜில்லுனு ஒரு வாய் தெரெரே குடி. நான் நாலு மணிக்கு வரேன்."

மைனும்பி இணைந்திருக்கும் நேரம்: தொண்ணூற்று நான்கு நாள். வெள்ளம் வந்தும் தொண்ணூற்று நான்கு நாள்தான் ஆகிறது.

துண்டிக்கும் பொத்தான்மேல் விரலை வைத்தாள். எடுத்தாள். படிக்க மட்டும் போதும் என்று சொல்லிக்கொண்டு புதுச் சர்வரையும் இணைத்தாள்.

வெள்ளத்துக்குப் பிறகு நாளுக்கொரு பதிவு சேர்ந்திருந்தது. எல்லாமே நண்பகலில், எவேலியோ வானொலியில் ஊராரின் சேதிகளை வாசித்துவந்த நேரத்தில். முதலாவதைத் திறந்தாள். தண்ணீர் மோதும் சத்தம். ஒரு செருமல். பிறகு அந்தக் குரல், அதே கம்பீரம்.

"நெலிதா பெனித்தெஸுக்கு ஒரு சேதி. கேபிளக் கழட்டிக்கிட்டு இருக்கேன். முட்டி வரைக்கும் தண்ணி. நீ கீழ வராத."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். அன்று காலை போனில் அவள்தான் சொன்னாள். 'நீதான பக்கத்துல இருக்க, போய்ச் சர்வரக் கழட்டிடு. புதுசு வாங்க எங்க போறது?'

முப்பதாவது பதிவில் அவனுக்கு மூச்சு வாங்கியது. அறுபதாவதில் பற்கள் தந்தியடித்தன. இன்றைய பதிவில் குரல் முனகலாய்த் தேய்ந்திருந்தது.

"விரல் வளைய மாட்டேங்குது நெலி. போதும்னு சொல்லு. நீ சொன்னா விட்டுட்டு வந்துடுவேன். சொல்ற வரைக்கும்... நீ கீழ வராத."

பதிவு முடியவில்லை. நீண்டுகொண்டே இருந்தது.

முப்பது வருடக் குரல்கள் அழிந்துபோகும் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தேதான் எழுதும் அனுமதியைத் திறந்தாள். மைக்கை இழுத்தாள்.

"போதும் எவேலியோ! நான் சொன்னது தப்பு. எல்லாத்தையும் விட்டுட்டு மேல வா. வா, என் ராசா."

சேமித்தாள்.

காற்றாடி நின்றது. மறுபடி சுழன்றது. திரையில் பழைய பதிவுகளின் பெயர்கள் உடைந்தன. ஞானஸ்நான வாழ்த்துகள். இறப்புச் செய்திகள். படகு வரும் நேரங்கள். ஒவ்வொன்றாய்ப் போயின. அவள் அவற்றைப் பார்க்கவில்லை. இன்றைய பதிவைத் திறந்தாள்.

தண்ணீர். செருமல். அவன் குரலின் துண்டு. அவள் குரலின் துண்டு. 'போதும்' எங்குமே இல்லை. மேலே எழுதப்பட்ட வேறேதோ அதைத் தின்றிருந்தது. மிச்சம் இருந்தவை ஒட்டிக்கொண்டன.

"நீ கீழ" என்றான் எவேலியோ.

"வா" என்றது அவள் குரல்.

"நீ கீழ."

"வா."

வெட்டிவிடலாம். பொத்தான் அங்கேதான் இருந்தது. கை போகவில்லை.

நான்கு மணிக்குப் படியில் செருப்புச் சத்தம். தோன் வில்ஃப்ரிதோ கதவைத் திறந்தார். வாசலிலேயே நின்றுவிட்டார்.

"நெலி... என்னம்மா இது?"

அவள் குனிந்து பார்த்தாள். தரை காய்ந்து கிடந்தது. தூசி. அவள் பாவாடை முட்டி வரை நனைந்து காலோடு ஒட்டியிருந்தது. சேற்று நிறம்.

அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஈரம் தொடையைத் தாண்டியது. இடுப்பைத் தொட்டது.