விட்டுப்போன ஜூலை

ஜூலையைக் காணோம்.

பட்டியலை மூன்று முறை மேலிருந்து கீழே பார்த்துவிட்டேன். 103, ஜூன். 104, ஆகஸ்ட். நடுவில் ஒன்றுமே இல்லை.

அது எங்கள் நூலகத்தில் நடக்கும் ஞாயிறு கச்சேரிகளின் வரலாற்றைச் சொல்லும் சின்னப் புத்தகம். பல் டாக்டர் மாமா எழுதியது. மறுநாள் காலை அச்சகத்துக்குப் போக வேண்டும். பிழை ஏதாவது இருக்கிறதா என்று பார்க்க என்னிடம் கொடுத்திருந்தார்.

ஒன்பது வருடங்களுக்கு முன்னால் நான்கு பேர் சேர்ந்து இதை ஆரம்பித்தார்கள். பல் டாக்டர் மாமாவும் கணக்கு டீச்சரும் வயலின். எலக்ட்ரீஷியன் அத்தை செல்லோ. அது வயலினுக்குப் பெரியப்பா மாதிரி, தரையில் நிறுத்தித்தான் வாசிக்க முடியும். பஸ் டிரைவரான என் அப்பா வயோலா. அது வயலினைவிடக் கொஞ்சம் பெரியது, குரலும் கொஞ்சம் கனம். மைக் கிடையாது, மேடை கிடையாது. மாதத்தின் முதல் ஞாயிறு மாலை, வாசிப்பு அறையின் மேசைகளை ஓரமாகத் தள்ளிவிட்டு வாசிப்பார்கள்.

புத்தகத்தில் எல்லாமே இருந்தது. 12-வது கச்சேரியில் கரண்ட் போய், வாசிப்பதா ஃப்யூஸ் போடுவதா என்று எலக்ட்ரீஷியன் அத்தை திண்டாடியது இருந்தது. 31-வது கச்சேரிக்கு ஒரே ஒருவர் வந்து, அவரும் குறட்டை விட்டுத் தூங்கியதுகூட இருந்தது. ஜூலை மட்டும் இல்லை.

அப்பா கடைசியாக வாசித்தது ஜூலையில்தான். அதற்கு ஒன்பது நாள் கழித்து நெஞ்சுவலி வந்து இறந்துபோனார்.

நான் நேராகப் பல் டாக்டர் மாமாவின் கிளினிக்குக்குப் போனேன்.

"மாமா, ஜூலை விட்டுப்போச்சு."

"விட்டுப்போகலைம்மா" என்று அவர் கையுறையைக் கழற்றினார். அலமாரியிலிருந்து ஒரு பழைய நோட்டை எடுத்து முதல் பக்கத்தைக் காட்டினார். 'கேட்க ஒருவராவது இருந்தால் கச்சேரி. இல்லையென்றால் ஒத்திகை' என்று எழுதியிருந்தது. "அன்னைக்கு அடைமழை. ஒரு ஈ காக்கா வரலை. நாங்க நாலு பேரும் வாசிச்சுட்டு வீட்டுக்குப் போயிட்டோம்."

"தூங்கினவரை மட்டும் சேர்த்திருக்கீங்க?"

"தூங்கினாலும் ஆள் இருந்தாரே. விதின்னா விதிதான். உங்க அப்பாவும் கையெழுத்துப் போட்டிருக்கார், பாரு."

போட்டிருந்தார். நோட்டை மூடிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஒரு விஷயத்தை நான் அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை. அந்த ஞாயிறு அப்பா கையில் குடையோடு வாசலில் நின்று, "வர்றியா?" என்று கேட்டார். டிவியில் கார்ட்டூன் ஓடிக்கொண்டிருந்தது. "மழையா இருக்குப்பா, அடுத்த மாசம் வர்றேன்" என்றேன். நான் போயிருந்தால் கேட்க ஒரு ஆள் இருந்திருக்கும். அதை நினைத்தாலே எனக்கு என்மேல் கோபம் கோபமாக வருகிறது.

நூலக வாட்ச்மேனிடம் விசாரித்தேன்.

"மழைன்னு நான் சீக்கிரமே கிளம்பிட்டேனே" என்று அவர் தலையைச் சொறிந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "வேணும்னா இருந்தேன்னு சொல்லிடட்டுமா?" என்றார்.

ஆசையாகத்தான் இருந்தது. ஆனாலும், "வேண்டாம் அண்ணா. அப்பாவுக்குப் பொய் பிடிக்காது" என்று சொல்லிவிட்டேன்.

மாலையில் மூன்று பேரும் ஒத்திகைக்கு வந்தார்கள். நான்காவது நாற்காலியை யாரும் போடுவதில்லை. அப்பா அன்று என்னதான் வாசித்தார் என்றாவது பார்க்கலாமே என்று ஜூலையின் இசைத்தாள்களைக் கேட்டு வாங்கினேன். ஆளுக்கு ஒரு தாள். நான்கையும் தரையில் வரிசையாகப் பரப்பினேன்.

அப்பாவின் தாளில் ஓர் இடத்தில் எறும்புக் கூட்டம் மாதிரி அடர்த்தியாக ஸ்வரக் குறிப்புகள் இருந்தன. மற்ற மூன்றிலும் அதே இடத்தில் ஒரு தடித்த கோடு, அதன் மேல் 24 என்ற எண். வேறு எதுவும் இல்லை.

"இது என்ன?"

"அங்கே உங்க அப்பா மட்டும் தனியா வாசிப்பார்" என்றார் கணக்கு டீச்சர். "நாங்க வாசிக்கிற வில்லை இறக்கிட்டு இருபத்துநாலு வரைக்கும் எண்ணுவோம். எண்ணி முடிச்சதும் சேர்ந்துக்குவோம்."

எனக்குச் சட்டென்று ஒன்று தோன்றியது.

"அப்போ நீங்க மூணு பேரும் கேட்டுட்டுத்தானே இருந்தீங்க?"

பல் டாக்டர் மாமா கண்ணாடியைத் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். "எண்ணுறது வேற, கேக்குறது வேறம்மா. நான் எண்ணிட்டுத்தான் இருந்தேன்."

"நானும்தான். எனக்கு எண்ணாம இருக்க வராது" என்றார் கணக்கு டீச்சர் வருத்தமாக.

எலக்ட்ரீஷியன் அத்தை குனிந்தபடி செல்லோவைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நான் எண்ணலை" என்றார் மெதுவாக. "நாலு வரைக்கும் எண்ணினேன். அப்புறம் விட்டுட்டேன். அவர் வாசிச்சது அப்படி இருந்துச்சு. நான் சேர வேண்டிய இடமே எனக்குத் தெரியலை."

"ஆமா, ரொம்ப லேட்டா சேர்ந்தே. நான்கூடத் திட்டினேனே" என்றார் மாமா.

"திட்டினீங்க. வெட்கமா இருந்துச்சு, அதான் காரணம் சொல்லலை." அத்தை என் பக்கம் திரும்பினார். "உங்க அப்பா திட்டலைம்மா. நான் வந்து சேர்ற வரைக்கும் அந்தக் கடைசி வரியையே திரும்பத் திரும்ப வாசிச்சுட்டு இருந்தார்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அத்தைக்கும்தான்.

"அப்போ ஒருத்தர் கேட்டிருக்காங்க" என்றேன் மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

மாமா சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். "ஆகஸ்ட்ல இருந்து எட்டு எண்ணையும் மாத்தணுமே."

"நான் மாத்துறேன். உங்க கையெழுத்து அச்சகத்துல யாருக்கும் புரியாது."

அவர் பேனாவைக் கொடுத்துவிட்டார். 104 என்று போட்டு, ஜூலை என்று எழுதினேன். கேட்டவர்கள் என்ற இடத்தில் 'ஒருவர்' என்று எழுதினேன். இரண்டு பேர் என்று இருந்திருக்க வேண்டும். அதை இனி யாராலும் மாற்ற முடியாது.

பிறகு மற்ற எட்டு எண்களையும் ஒவ்வொன்றாக அடித்துத் திருத்தினேன். இனி யார் கேட்டாலும் சொல்வேன், எங்கள் அப்பாவின் கடைசிக் கச்சேரி ஜூலையில் நடந்தது.