பத்து விரல்

கதவைத் திறந்ததுமே சின்னவளின் கண் அக்காவின் கைகளில்தான் போய் நின்றது. ஜன்னல் கம்பியைத் தொட்டால் சுடுகிற அந்தச் சாயங்காலத்தில், இரண்டு கைகளுக்கும் தடித்த கம்பளி உறை மாட்டி, மணிக்கட்டில் நாடாவை இறுக்கி முடிச்சுப் போட்டிருந்தார்கள்.

“இந்தப் புழுக்கத்துல எதுக்கு இது?”

“உடம்பெல்லாம் நடுங்குச்சும்மா,” என்றாள் முதியோர் இல்லத்து மேட்ரன். “வயசானவங்களுக்குக் குளிரும் வெயிலும் நம்ம காலண்டர் பார்த்தா வருது?” தன் பேச்சுக்குத் தானே சிரித்துக்கொண்டு வெளியே போனாள். சற்று நேரத்தில் கூடத்துத் தொலைக்காட்சியின் சத்தம் கூடியது. ஏதோ நகைச்சுவை நிகழ்ச்சி. கூட்டமாகச் சிரிக்கும் ஒலி அலை அலையாக வந்து மூடிய கதவில் மோதியது.

அக்கா சிரிக்கவில்லை, முகம் திருப்பவில்லை. பக்கவாதம் பேச்சையும் கால்களையும் எடுத்துக்கொண்டு கைகளை மட்டும் விட்டுவைத்திருந்தது. அப்பா அம்மா போன பிறகு தங்கையையும் தம்பியையும் ஆளாக்கிய கைகள். சட்டைத் தொழிற்சாலையில் காலமெல்லாம் தைத்துச் சேர்த்த பணம்தான் இப்போது அவளை இந்தக் கட்டிலில் படுக்க வைத்திருந்தது. அது தீர்ந்துபோனால் இந்தக் கட்டிலும் இல்லை.

அந்தப் பணத்தில்தான் தம்பி கை வைத்தான். அட்டையையும் ரகசிய எண்ணையும் தெரிந்துகொண்டு உருவினான். கண்டுபிடித்த அன்றே சின்னவள் வங்கிக்கு ஓடினாள். அட்டையை ரத்து செய்தாள். இனி விரல் வைத்தால்தான் பணம், அதுவும் வங்கி ஆளே இல்லத்துக்கு வந்து கருவியில் வைத்து எடுக்க வேண்டும் என்று ஏற்பாடு செய்தாள். “விரலை எவன் திருடுவான் சார்?” என்று அவள் கேட்டதற்கு மேலாளரும் சிரித்தார். அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினாள்.

ஆனால் இந்த வாரம் முழுக்க, பணம் எடுக்கப்பட்டதாகக் கைபேசிக்குச் செய்தி வந்தபடி இருந்தது. வங்கியில் கேட்டால், விரல் சரியாகத்தானே பொருந்தியிருக்கிறது என்கிறார்கள்.

“அக்கா, யாராவது வந்தாங்களா? கண்ணை மூடித் திற, போதும்.”

அக்கா கண்ணை மூடவில்லை. உறை மாட்டிய கைகளைத் தங்கையின் மடியில் வைத்தாள். வைத்த வேகத்தில் ஒரு கெஞ்சல் இருந்தது.

முடிச்சு ஈரமாக இருந்தது. நகத்தால் நெம்பி அவிழ்க்க அவிழ்க்க, பினாயிலையும் பவுடரையும் தாண்டிக்கொண்டு, மூடிவைத்த பாத்திரத்தில் கெட்டுப்போன இறைச்சி போல ஒரு வாடை மேலே வந்தது. கம்பளி தோலோடு ஒட்டிக்கொண்டிருந்தது. மெல்ல இழுத்தாள். அக்காவின் தொண்டையில் காற்று மட்டும் விம்மியது. உறை கழன்றது.

கட்டைவிரலுக்கு நுனி இல்லை. தோல் இருந்த இடத்தில் சிவந்த சதை, அதில் வெளுத்துத் தெரிந்த எலும்பு. அடுத்த விரலும் அப்படியே. அதற்கடுத்ததும். மற்ற கையின் உறையையும் உருவினாள்; அங்கும் அதே கதி. இடது சுண்டுவிரல் ஒன்றுதான் முழுசாக, சுருக்கத்தோடு, நகத்தோடு, சுத்தமாகக் கழுவித் துடைத்தது போல இருந்தது.

படுபாவித் தம்பி சுட்டுவிட்டானா? வெட்டினானா? குனிந்து பார்த்தாள். சதையின் விளிம்பில் அரைவட்டமாகப் பள்ளங்கள். சின்னச் சின்னதாய். வரிசையாய்.

பற்கள்.

நிமிர்ந்தாள். அக்கா அந்தச் சுண்டுவிரலை வாய்க்குள் வைத்திருந்தாள். கத்தரியைத் தேடாமல் நூலைப் பல்லால் அறுத்தவள். தலையை ஒரு பக்கம் சாய்த்தாள். மளுக்கென்று ஒரு சத்தம். மோவாயில் ரத்தம் வழிந்தது. மென்று, ஓரமாகத் துப்பினாள்.

கதவு திறந்தது.

“அட, சின்னக்கா! சொல்லியிருந்தா காபி வாங்கிட்டு வந்திருப்பேனே.”

தம்பி. கையில் வங்கி ஆள் கொண்டுவருவது போன்றே ஒரு சின்னக் கருவி. பின்னால் மேட்ரன், தாழ்ப்பாளைப் போட்டபடி. அவன் கட்டிலைப் பார்த்தான். கழற்றிய உறையைப் பார்த்தான். முகம் மாறியது.

“யாருடி கழட்டச் சொன்னது? அந்த ஒண்ணைத்தான் இவ கடிக்காம உறை போட்டுப் பத்திரமா வச்சிருந்தோம்!”

அக்காவின் கையை இழுத்து, குழந்தைக்கு மூக்குத் துடைப்பது போல ரத்தத்தைத் துடைத்தான். கருவியில் அழுத்தினான். சிவப்பு விளக்கு. மறுபடி அழுத்தினான். எலும்பு கண்ணாடியில் கீச்சிட்டது. சிவப்பு. புறங்கையால் அக்காவின் வாயில் அறைந்தான். தலை சுவரில் மோதித் திரும்பியது.

“விடுடா அவளை! நம்மளை வளர்த்தவடா!”

“அதான் பார்க்கிறியே, வளர்த்த லட்சணத்தை.” மூச்சு வாங்கச் சிரித்தான். பிறகு மெல்லத் திரும்பினான். “ஆமா... ஆத்திர அவசரத்துக்குன்னு உன் விரலையும் பதிஞ்சியாமே அந்தக் கணக்குல? இந்த மெஷினைக் கொடுத்த பேங்க் ஆளே சொன்னான். பத்தும் பதிஞ்சிருக்காம்.”

அவள் கதவை நோக்கிப் பாய்ந்தாள். மேட்ரன் முடியைப் பிடித்துச் சுழற்றினாள். முழங்கால் தரையில் இடித்தது. தம்பி அவள் முதுகில் ஏறி அமர்ந்தான். கையை முறுக்கினான். தோளில் ஏதோ பிசகியது.

“கத்து சின்னக்கா. வெளியில எல்லாரும் சிரிச்சுக்கிட்டிருக்காங்க.”

கையை மேலே இழுத்து மெத்தையில் பரப்பினான். கருவியை எடுக்கத் திரும்பினான்.

ஒரே ஒரு நொடி.

அந்த நொடியில் ஏதோ கதகதப்பாக அவள் கையைப் பற்றியது. நுனியில்லாத விரல்கள். வழுக்கின. விடவில்லை. அக்கா குனிந்தாள். அவள் மூச்சு உள்ளங்கையில் பட்டது. பிறகு உதடுகள். ஈரம்.

கட்டைவிரலின் இருபக்கமும் பற்கள் வந்து நின்றன.

அக்காவின் கண்கள் அவள் கண்களுக்கு மிக அருகில் இருந்தன. வெறி இல்லை. காய்ச்சல் நாட்களில் மருந்துக் கரண்டியோடு காத்திருந்த அதே கண்கள்.

பற்கள் இறங்கின.

வலி தோளைத் தாண்டி மூளையில் வெடித்தது. தம்பி அலறினான். மேட்ரன் அக்காவின் தாடையைப் பிளக்கப் பார்த்தாள். முடியவில்லை. மளுக். அக்கா துப்பினாள். சிவந்த வாயைத் திறந்தபடி காத்திருந்தாள்.

சின்னவள் அடுத்த விரலைத் தானே உள்ளே வைத்தாள்.