மீசைக்காரரின் எண்

நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கி வைத்திருந்த சர்வருக்கு ஒரு மெயில் வந்திருந்தது. அவன் குனிந்து பார்த்தான். கேபிளின் நுனி அந்தரத்தில்தான் தொங்கியது.

ஜன்னல் இல்லாத அந்த அடித்தள அறையில் எப்போதும் இருக்கும் விசிறிகளின் இரைச்சலோடும் சூடேறிய தூசியின் வாடையோடும் இன்று மூக்குப்பொடி நெடியும் கலந்திருந்தது. பொடி போடுகிறவர் மீசைக்காரர். இந்த சர்வரைப் பல வருடம் கட்டி மேய்த்தவர். போன மாதம் இங்கேயே கீபோர்டின் மேல் கவிழ்ந்து போய்ச் சேர்ந்தார்.

அவருடைய கணக்கை இன்று மதியம்தான் அவன் அழித்தான். மெயிலை அவரவர் பெட்டியில் சேர்க்கும் நிரலைப் புதிதாக அமைத்துவிட்டு, சோதனைக்காக மகள் பெயரில் ‘பாப்பு’ என்று ஒரு கணக்குத் திறந்தான். ஒவ்வொரு கணக்குக்கும் ஓர் எண் வேண்டும்; வேறு எண் தேடச் சோம்பல். காலியாகக் கிடந்த மீசைக்காரரின் எண்ணையே அவளுக்குக் கொடுத்துவிட்டான். அந்த எந்திரத்துக்குப் பெயரெல்லாம் ஒப்புக்குத்தான், எண்தான் ஆள். செத்தவர் விட்டுப்போன கோப்புகள் அத்தனையும் அந்த நொடியே பாப்புவுடையவை ஆயின. கற்றுக்குட்டிகூடச் செய்யாத தப்பு.

மெயிலில் ஒரே வரி: ‘என் இடத்தில் யார்?’

போன் அதிர்ந்தது. மனைவி.

“என்னங்க, பாப்புக்கு உடம்பு கொதிக்குது. தூக்கத்துல என்னமோ உளர்றா.”

“என்ன சொல்றா?”

“மெயிலெல்லாம் போய்ச் சேந்துச்சான்னு கேக்குறா. அது அவ குரலே இல்லைங்க. சீக்கிரம் வாங்க.”

போனைக் காதில் இடுக்கிக்கொண்டு, கணக்கை அழிக்கும் கட்டளையை அடித்தான். சர்வர் மறுத்தது: ‘பாப்பு உள்ளே இருக்கிறார்.’ நிரலை நிறுத்தினான். தானாக எழுந்தது. எண்ணை மாற்றினான். மாறவில்லை. மறுபடி அடித்தான். மறுபடி.

“அவ சின்னப் பிள்ளை சார்,” என்று திரையைப் பார்த்துக் கெஞ்சினான். கண்ணீர் கீபோர்டில் விழுந்தது. “தப்பு என்னோடது. என்னை எடுத்துக்கோங்க. அவளை விட்டுடுங்க.”

திரையில் ஒரு வரி ஓடியது. ‘பாப்பு: பெட்டியில் சேர்க்கப்பட்டது.’

“ஐயோ, இங்க இல்லைங்க,” என்றாள் மனைவி. “இப்பத்தான் மடியில இருந்தா. போர்வை மட்டும் இருக்கு.”

விசிறிகள் நின்றன.

பூட்டிய சர்வர் அலமாரிக்குள் யாரோ தட்டினார்கள். மெதுவாக. அவன் முழங்கால் உயரத்தில்.

சாவியை நுழைத்தான். திரும்பவில்லை. கதவை உதைத்தான். அசையவில்லை.

வலைக்கதவின் துளைகள் வழியே நான்கு சின்ன விரல்கள் வெளியே நீண்டன. இறுகப் பற்றிக்கொண்டான். காய்ச்சல் சூடு.

“அப்பா, இருட்டா இருக்குப்பா.”

அவளுக்குப் பின்னாலிருந்து மூக்குப்பொடி படிந்த ஒரு பெரிய கை வந்தது. அவசரமே இல்லாமல், அவன் பிடியிலிருந்து அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து உள்ளே எடுத்துக்கொண்டது.