மஞ்சள் வீட்டில் யாரும் இல்லை

படகுக்காரர் கடுகடுத்த முகத்தோடு, வெள்ளத்தில் மீட்டவர்களைத் தங்கவைத்திருந்த பள்ளிக்கூட வாசலில் வந்து உட்கார்ந்தார்.

“மறுபடியும் அந்த மஞ்சள் வீட்டுக்குப் போயிட்டுத்தான் வரேன். ஒரு ஆள் இல்ல. ஆனா, ‘இப்போ மாடியில குழந்தையோட தவிக்கிறோம்’னு போன்ல செய்தி வந்துகிட்டே இருக்கு.”

கடுகுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆள் சின்னவள், பட்டென்று வெடிப்பாள். அதனால்தான் அந்தப் பெயர். மஞ்சள் வீடு அவளுடைய வீடு. அவளையும் அம்மாவையும் குட்டித் தம்பியையும் வேறொரு படகு நேற்றே மீட்டு இங்கே கொண்டுவந்து விட்டிருந்தது.

“மாமா, அது நாங்கதான். அடுத்த தெருவுல தையல்கார அக்கா கைக்குழந்தையோட இருக்காங்களே, அங்க போகலையா?”

“அங்கிருந்தும் ஒரு செய்தி வந்துச்சு. ஆனா உங்க வீட்டுக்குத்தான் ஊரே உதவி கேட்டுச்சு. அதான் முதல்ல அங்க போனேன்.”

கடுகுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஊரே கேட்டால் ஆளில்லாத வீட்டுக்குப் படகு. ஒரே ஒருத்தி கேட்டால் காத்திருக்க வேண்டுமா? இது என்ன நியாயம்?

“சரி, அங்க போறேன்” என்று படகுக்காரர் எழுந்தார். படகைத் திருப்பிக்கொண்டு கிளம்பினார்.

கடுகு நேராகச் சித்தப்பாவிடம் போய் நின்றாள். முதலில் அந்தச் செய்தியைப் போட்டவர் அவர்தான்.

“நேத்து ஒரு தடவைதான் போட்டேன், கண்ணு. மத்தவங்க நல்ல மனசோட அனுப்புறாங்க.”

“நல்ல மனசு இருந்தா ஒரு போன் பண்ணிக் கேட்டிருக்கலாம்ல? நீங்களும் ‘இப்போ’ன்னு எழுதியிருக்கீங்க. எந்த நாள், எத்தனை மணின்னு எழுதவே இல்ல. நாங்க வந்ததையும் சொல்லல.”

சித்தப்பா அசடு வழிந்தார்.

கடுகு சுண்ணக்கட்டியை எடுத்தாள். கரும்பலகையில் தேதியும் நேரமும் போட்டுப் பெரிதாக எழுதினாள்: ‘மஞ்சள் வீட்டுக்காரர்கள் பத்திரம். அங்கே படகு வேண்டாம். பழைய செய்தியை அனுப்பாதீர்கள்.’ அதன் முன்னால் அம்மாவையும் தம்பியையும் நிறுத்தித் தானும் நின்றாள்.

“எடுங்க, சித்தப்பா.”

“கொஞ்சம் சிரியேன்.”

“எனக்குச் சிரிப்பு வரல.”

அந்தப் படம் ஊரெல்லாம் சுற்றியது. பழைய செய்தியை நம்பி மஞ்சள் வீட்டுக்குக் கிளம்பிய இன்னொரு படகும் பாதியில் திரும்பியது.

இருட்டுவதற்குள் தையல்கார அக்கா வந்து இறங்கினாள். பாதி தைத்த சட்டைக்குள் அவள் குழந்தை நிம்மதியாகத் தூங்கியது. கடுகு அதன் குட்டிக் காலைத் தொட்டுப் பார்த்தாள். கோபம் கொஞ்சம் இறங்கியது.

சித்தப்பாவின் போன் சிணுங்கியது. உதவி கேட்டு இன்னொரு செய்தி. அனுப்பப் போன விரல் நின்றது. கடுகை ஓரக்கண்ணால் பார்த்தார். பிறகு அதில் இருந்த எண்ணுக்குப் போன் செய்தார்.

“ஹலோ, நீங்க இன்னும் அங்கதான் இருக்கீங்களா?”