வெறும் தண்ணீர் வாரங்கள்

கரண்டி ஈரமாக இருந்தது.

கிளைவ் அதைச் சலவை அறை விளக்குக்குக் கீழே பிடித்துப் பார்த்தார். செடிக்குப் பாகு அளப்பதற்கென்றே ஒதுக்கிய பழைய கரண்டி. ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவர் அதைத் தொடவே இல்லை. இந்தப் புதன்கிழமைக்குள் பாகு கறுப்பாகக் காய்ந்து ஒட்டியிருக்க வேண்டும். ஆனால் யாரோ ஆசையாக நக்கி வைத்ததுபோல் அது பளபளத்தது. தொட்டால் லேசான சூடுகூட இருந்தது. பாகு டின்னின் மூடி இறுக்கமாகவே இருந்தது. கான்பராவில் போஸம் என்கிற இரவு விலங்கு கூரைக்குக் கூரை தாவும், குப்பைத் தொட்டியைக் கவிழ்க்கும், பழத்தைத் திருடும். தின்றுவிட்டு மூடியைத் திருகி வைக்கிற போஸத்தை அறுபத்தொன்பது வயதில் அவர் இன்னும் பார்த்ததில்லை.

"வயசாச்சு கிழவா, நீயேதான் கழுவி வச்சிருப்பே," என்று தன்னையே திட்டிக்கொண்டு வாளியில் தண்ணீர் பிடித்தார். வெறும் தண்ணீர்.

கொல்லையில் செங்கல் பாதையோரம், இரண்டு பெரிய கறுப்புத் தொட்டிகளில் இரண்டு கஞ்சாச் செடிகள் நின்றன. இந்த ஊரில் தலைக்கு இரண்டு வளர்த்துக்கொள்ளலாம் என்று சட்டமே விட்டுவிட்டது. அக்டோபரில் நட்டது மனைவி லோர்னா. புற்றுநோய் மருந்து குடலைப் புரட்டுகிறது, இதையாவது இழுத்துப் பார்க்கிறேன் என்றாள். ஞாயிறுதோறும் மாட்டுத் தீவனக் கடையில் வாங்கிய கரும்புப் பாகில் ஒரு கரண்டி எடுத்து, ஒரு வாளி வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து ஊற்றுவாள். மண்ணுக்குள் இருக்கிற கண்ணுக்குத் தெரியாத உயிர்களுக்கு அதுதான் சாப்பாடாம். "மண்ணுக்கு ஒரு கரண்டி, எனக்கு ஒரு நக்கு," என்று கரண்டியை வாயில் வைத்துக்கொண்டே சிரிப்பாள். செடி பூப்பதற்குள், பிப்ரவரியில் போய்விட்டாள்.

வேலிக்கு மேலே ஒரு தொப்பி தெரிந்தது. பக்கத்து வீட்டு டாரல். அவரும் இரண்டு செடி வைத்திருக்கிறார்.

"என்னய்யா, பாகை நிறுத்திட்டியா இல்லையா?"

"நிறுத்தியாச்சு. அறுக்கிற வரைக்கும் ரெண்டு வாரம் வெறும் தண்ணிதான், அப்பதான் புகை காரமடிக்காதாம். லோர்னா நாள்காட்டியில எழுதியே வச்சிட்டுப் போயிருக்கா."

"அப்பாடி! நீ ஊத்தின ஊத்துக்கு அந்த இடப்பக்கத்துச் செடிக்குச் சர்க்கரை வியாதியே வந்திருக்கும். அதென்னய்யா, ஒண்ணு ஒல்லிக்குச்சியா நிக்குது, இது மட்டும் இப்படித் தளதளன்னு?"

கிளைவ் சிரித்து மழுப்பினார். சொல்லக்கூடிய பதிலா அது? சாம்பலை ஏரியில் தூவிவிட்டதாக அவர் மகளிடமே பொய் சொல்லியிருந்தார். லோர்னா இடப்பக்கத்துத் தொட்டியில் இருந்தாள். மார்ச்சில் ஒரு நாள் மாலை, மண்ணைக் கிளறி, முழங்கை வரை கையை விட்டு, வேரைச் சுற்றி அவரே கலந்துவிட்டார். மனிதச் சாம்பலில் உப்பு அதிகம், செடிக்கு ஆகாது என்பது வளர்க்கிற எல்லோருக்கும் தெரியும். ஒரே வாரத்தில் இலை பழுத்தது. பயந்துபோய்ப் பாகை ஊற்றினார். இரண்டு கரண்டி, மூன்று, பிறகு கணக்கில்லாமல். செடி பிழைத்துக்கொண்டது. அவருக்கு வேண்டியது கஞ்சா இல்லை. அவள் வேண்டும், அவ்வளவுதான்.

டாரல் உள்ளே போனதும் இடப்பக்கத்துத் தொட்டியில் தண்ணீரை ஊற்றினார். மண் குடித்தது. காய்ந்த மண் தண்ணீரை உறிஞ்சும்போது சத்தம் வருவது சகஜம்தான். ஆனால் தண்ணீர் முழுக்க இறங்கிய பிறகும் சத்தம் நிற்கவில்லை. காய்ந்த வாயில் நாக்கு அண்ணத்தில் ஒட்டி, பிரிந்து, மறுபடி ஒட்டுகிற சத்தம்.

அந்தச் சத்தம் அவருக்குத் தெரியும். கடைசி நாள் மதியம் முழுவதும் அதைக் கேட்டுக்கொண்டு ஆஸ்பத்திரியில் அவள் கட்டிலருகே உட்கார்ந்திருந்தார். "கிளைவ், வாயெல்லாம் கசக்குது. ஒரே ஒரு கரண்டி பாகு குடேன்." அவள் ஆசைப்பட்டாளே என்று ஒரு சின்னப் புட்டியில் கொண்டுபோயும் இருந்தார். விழுங்கும் சக்தி போய்விட்டது, நுரையீரலுக்குள் இறங்கிவிடும், வேண்டாம் என்றாள் நர்ஸ். புட்டியைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு, "நாளைக்குத் தரேன், கண்ணு," என்றார். அன்று சாயங்காலமே எல்லாம் முடிந்தது. சாகப்போகிறவளுக்கு ஒரு கரண்டி இனிப்பு கொடுத்தால் என்ன குடி முழுகியிருக்கும்? இரண்டு மாதமாக அவர் இதையேதான் தன்னிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

வியாழக்கிழமை எறும்பு வந்தது. வயிற்றில் ஆரஞ்சுப் பட்டை போட்ட பெரிய சர்க்கரை எறும்பு. இந்த ஊரில் குளிர்காலம் நெருங்குகிற ஏப்ரல் கடைசியில், காலையில் புல்லெல்லாம் உறைபனி படிகிற குளிரில், அவை வெளியே வருவதில்லை. வந்தன. இடப்பக்கத்துத் தொட்டியின் அடித்துளையிலிருந்து ஒரே வரிசையாகப் புறப்பட்டு, செங்கல் பாதையைத் தாண்டி, சலவை அறைக் கதவுக்கு அடியில் நுழைந்தன. கிளைவ் பாகு டின்னைத் திறந்து வரிசையின் ஓரத்தில் வைத்துப் பார்த்தார். ஒன்றுகூடத் திரும்பவில்லை. டின்னைத் தாண்டி, நடையைத் தாண்டி, மூடியிருந்த படுக்கையறைக் கதவுக்கு அடியில் போய் மறைந்தன.

அவர் அந்த அறையில் படுத்து இரண்டு மாதம் ஆகிறது. கூடத்துச் சோபாதான் படுக்கை.

"இந்தக் குளிர்லயா எறும்பு?" என்றார் டாரல் வேலியோரம். "பொடியைத் தூவுய்யா, ஒரே நாள்ல காலி."

"தூவறேன்."

தூவவில்லை. கை வரவில்லை. எங்கிருந்து வருகின்றன என்று அவருக்குத் தெரியுமே.

வெள்ளிக்கிழமை செடி தொங்கிப் போயிருந்தது. மண் ஈரமாக இருந்தும் இலைகளெல்லாம் கைவிரல்களைத் தொங்கவிட்டதுபோல் கிடந்தன. கிளைவ் வாளியுடன் குனிந்தார். அந்தச் சத்தம். ஒட்டிப் பிரிந்து, ஒட்டிப் பிரிந்து.

"இன்னும் பத்தே நாள், லோர்னா," என்றார் மெல்ல. "கொஞ்சம் பொறுத்துக்கோ. அப்புறம் தரேன்."

சொன்ன பிறகுதான் உறைத்தது. அதே பதில். மறுபடியும்.

சத்தம் நின்றது.

அவர் வாளியைப் பிடித்தபடியே நின்றார். வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது; தெருமுனை மரத்தில் கடைசிப் பறவையும் அடங்கிவிட்டது; எங்கிருந்தோ யாரோ ஆட்டிறைச்சி வாட்டும் வாசனை வந்தது, அதன் மேல் ஏறி இன்னொரு வாசனை, கரும்பு கருகினதுபோல் கனத்த இனிப்பு, தொட்டியிலிருந்து இல்லை, வீட்டுக்குள்ளிருந்து.

பிறகு சத்தம் மறுபடி கேட்டது. அவருக்குப் பின்னால். படுக்கையறை ஜன்னலுக்கு உள்ளே.

நடை இருட்டாக இருந்தது. காலடியில் வரிசை இல்லை. எல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டன. கதவுப் பிடி பிசுபிசுத்தது.

திறந்தார்.

கட்டிலில் அவள் பக்கம் ஆயிரமாயிரமாய் எறும்பு. குவியல் இல்லை. உருவம். ஒருக்களித்து, முழங்காலை மடித்து, ஒரு கையைத் தலையணைக்கு அடியில் கொடுத்து. முப்பத்தெட்டு வருஷம் அவள் தூங்கிய விதம். உடம்பு இல்லை. எலும்பு இல்லை. எறும்பு மட்டும். ஒன்றின் மேல் ஒன்று. அசைந்தபடி.

விலா ஏறியது. இறங்கியது.

தலை இருந்த இடத்தில் ஒரு குழி. அது திறந்தது. மூடியது. நாக்கு ஒட்டிப் பிரிகிற சத்தம்.

ஓடிவிடலாம். வேலிக்கு அந்தப் பக்கம் டாரல் வீட்டு விளக்கு எரிகிறது, கூப்பிட்டால் வந்துவிடுவார். அவர் சலவை அறைக்குத்தான் போனார். டின்னைத் தூக்கிக்கொண்டார். கரண்டியை எடுத்துக்கொண்டார். திரும்பி வந்து கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார்.

"கொண்டாந்துட்டேன், கண்ணு. மன்னிச்சிடு. அன்னிக்கே குடுத்திருக்கணும்."

கரண்டி நிறைய எடுத்து நீட்டினார். குழி அதைக் கவ்வியது. உலோகத்தில் பல் இடிப்பது கைக்குத் தெரிந்தது. நிதானமாக, சுத்தமாக, நக்கித் திருப்பிக் கொடுத்தது.

மறுபடி திறந்தது.

இரண்டாவது. மூன்றாவது. கணக்கில்லாமல். கரண்டி டின்னின் அடியைச் சுரண்டியது. பிறகு வெறும் தகரம்.

வாய் திறந்தே இருந்தது.

"தீந்துடுச்சு, லோர்னா," என்றார். "நாளைக்கு..."

நாக்கைக் கடித்துக்கொண்டார். அந்த வார்த்தையை இனி அவளிடம் சொல்ல முடியாது.

தலையணைக்கு அடியிலிருந்த கை வெளியே வந்தது. அவருடைய கையைத் தேடி, பிசுபிசுத்த விரல்களைக் கண்டுபிடித்து, பற்றியது. மோதிர விரலில் ஏறியது. மணிக்கட்டில் ஏறியது. முதல் கடி.

கிளைவ் கையை இழுக்கவில்லை.