பழைய நம்பர்தான்

லில்லியை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்று சாயங்காலம், அவளுடைய செல்போனில் நாடித்துடிப்பு ஓடிக்கொண்டிருந்தது.

முதலில் பார்த்தவள் அவள் தங்கை ஜோதிகா. "மாமா, அக்கா போன்ல இன்னும் நம்பர் காட்டிக்கினே இருக்குது" என்று நீட்டினாள். ஜெபகுமார் வாங்கிப் பார்த்தான். ஐம்பத்தெட்டு. இதய நோயாளியான மனைவிக்காக அவனே எழுதிய ஆப் அது. அவள் கையில் கட்டியிருக்கும் வாட்ச்சிலிருந்து துடிப்பை வாங்கித் திரையில் காட்டும்.

"பழைய நம்பர்தாம்மா. மூடும்போது இருந்தத சேமிச்சி வெச்சிக்கினு, திறந்தா அதையே காட்டுது."

அப்படித்தான் எழுதியிருந்தான். வாட்ச்சும் இங்கே இல்லை. நகைகளைக் கழற்றியபோது, அது மட்டும் அவள் கையிலேயே இருக்கட்டும் என்றவன் அவன்தான்.

ஜோதிகா கண்ணைத் துடைத்துக்கொண்டு கஞ்சி வைக்கப் போனாள். மழை பிடித்துக்கொண்டது. பிள்ளையார்பாளையத்துத் தறிச்சத்தம் வீடு வீடாக அடங்கி, ஓட்டில் விழும் நீரின் இரைச்சலும் எங்கிருந்தோ வரும் சாயத் தண்ணீரின் நெடியுமாக அறை இருண்டுகொண்டு வர, அவன் லேப்டாப்பைத் திறந்து, அந்தத் திரை எதையும் சேமிக்கக்கூடாது, திறக்கும்போது எதையும் மீட்டுக் காட்டக்கூடாது என்று மாற்றி எழுதி, பழையதை நீக்கிவிட்டுப் புதிதாக ஏற்றினான்.

திறந்தான். எண் இருந்த இடத்தில் வெறும் கோடு.

கட்டிலில் உட்கார்ந்து, அன்று முதல் தடவையாக வாய்விட்டு அழுதான். அவள் இல்லை என்பதைத் தன் கையாலேயே எழுதி முடித்துவிட்டதுபோல் இருந்தது.

கோடு மறைந்தது. நாற்பத்தொன்று.

ஆப்பை நீக்கி மறுபடியும் ஏற்றினான். கோடு. பிறகு நாற்பத்தாறு. சேமித்து வைக்க எதுவுமே இல்லாத திரையில், ஐம்பது. அப்படியானால் இது இப்போது துடிப்பது. உயிரோடா புதைத்துவிட்டோம்? ஓரிக்கைப் பக்கம், பாலாற்றங்கரை மண்ணுக்கடியில் மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருக்கிறாளா? பைக் சாவியை எடுத்தான். மண்வெட்டி யார் வீட்டில் கிடைக்கும்?

வாசல்வரை ஓடியவன் அப்படியே நின்றான்.

அந்த வாட்ச்சின் சிக்னல் இவ்வளவு தூரம் எட்டாது. லில்லி தெருமுனைக் கடைக்குப் போனாலே போனில் துடிப்பு நின்றுவிடும்.

திரையின் மூலையில் சிக்னல் புள்ளி ஒன்று எரிந்தது.

இரண்டு.

"ஜோதி" என்று கூப்பிட்டான். சமையலறையில் கஞ்சி பொங்கி அடுப்பில் வழியும் சத்தம் மட்டும். கரண்ட் போனது.

ஆற்றுமண் வாடை. ஈரத்துணி தரையில் இழுபடும் சத்தம். எழுபது. எண்பத்தைந்து. எல்லாப் புள்ளியும்.

போனை அணைத்தான். இருட்டு.

அவன் கையை ஒரு கை பற்றிக்கொண்டது. சில்லென்ற கை. விரலெல்லாம் மண். அதன் மணிக்கட்டில் நாடி வேகமாக, இன்னும் வேகமாகத் துடித்துக்கொண்டிருந்தது.